குலசேகரத்து ரப்பர் கணக்குக்கு எந்த ஃபிரேம்வொர்க்?

இணைய மென்பொருளுக்கு அடித்தளமாக ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்புதான் ஃபிரேம்வொர்க். இருக்கிற ஒன்றை எடுப்பதா, நாமே ஒன்று எழுதிக்கொள்வதா என்ற பேச்சு எங்கள் நாகர்கோவில் அலுவலகத்தில் அடிக்கடி வரும். குலசேகரத்தில் ரப்பர் வாங்கும் ஒரு வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள் செய்ய ஆரம்பித்தபோது அது கொஞ்சம் சூடாகவே நடந்தது.

பேச்சில் இருந்தது பைத்தான் மொழியில் எழுதிய ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன், நல்ல கெட்டிக்காரன். “ஜாங்கோவுல பாதி நமக்கு வேண்டாம்ணே. நாமளே எழுதினா ஒவ்வொரு வரியும் நமக்குத் தெரியும்” என்றான். அதில் நியாயம் உண்டு. பைத்தானில் சின்னதாக ஒன்றை எழுதுவது பெரிய வித்தையில்லை. வருகிற முகவரியைப் பிரித்துப் பார்த்து, உரிய ஃபங்ஷனைக் கூப்பிட்டு, பதிலை அனுப்ப வேண்டும். ஒரு சாயங்காலத்தில் ஓட வைத்துவிடலாம்.

வேலை அதற்கப்புறம்தான் தொடங்கும். வியாபாரி லாகின் செய்தபடியே வேறொரு தளத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். அந்தத் தளம் அவருடைய பிரவுசர் வழியாகவே நம் மென்பொருளுக்கு ஒரு ஃபாரத்தை அனுப்பினால், அவர் லாகின் செய்ததற்கு அடையாளமாக பிரவுசர் வைத்திருக்கும் குக்கியும் கூடவே வரலாம். அவருக்குத் தெரியாமலே அன்றைய விலை மாறிவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு ஃபாரத்திலும் ரகசிய டோக்கன் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஜாங்கோவில் அது பக்கத்தின் வடிவத்தை எழுதும் டெம்ப்ளேட்டில் ஒரு வரி. எழுத மறந்தால் ஃபாரம் போகாது, உடனே தெரிந்துவிடும். நாமே எழுதியதில் மறந்தால் ஃபாரம் நன்றாகவே போகும், அதுதான் ஆபத்து. கடவுச்சொல், செஷன், டேட்டாபேஸ் மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

“ஜாங்கோவும் சொந்தமா எழுதினதுதானே” என்றான் தம்பி. உண்மைதான். 2003-இல் அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் தங்கள் தளங்களுக்காக எழுதத் தொடங்கினார்கள். 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ரெய்ல்ஸ் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கும் பேஸ்கேம்ப் என்ற மென்பொருளிலிருந்து பிரித்தெடுத்ததுதான். ஆனால் இரண்டிலும் வேலை முதலில் வந்தது, ஃபிரேம்வொர்க் அதிலிருந்து பிறகு வந்தது. நமக்கோ இன்னும் ஒரு பில்லே போட்டாகவில்லை.

என்னை உறுத்தியது இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேலை பழகியதும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கோ பெங்களூரோ போய்விடுகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஜாங்கோ தெரிந்த வேறொருவரை அந்த இடத்தில் உட்கார வைக்கலாம். தம்பி எழுதிய ஃபிரேம்வொர்க் தெரிந்தவன் தம்பி மட்டும்தான். அவன் போன பிறகு பில் நின்றால், வரிசையில் ரப்பர் பாலோடு நிற்கும் தோட்டக்காரர்களுக்கு அந்த வியாபாரி என்ன பதில் சொல்வார்?

நாம் சொந்தமாக எழுத வேண்டியது வேறு இடத்தில் நிறைய இருக்கிறது. ரப்பர் பாலை வெறும் எடைக்கு வாங்குவதில்லை. அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதைத்தான் டிஆர்சி என்பார்கள். 100 கிலோ பாலில் டிஆர்சி 35 சதவீதம் என்றால் 35 கிலோவுக்குத்தான் காசு. புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டுக்கு ஆர்எஸ்எஸ் என்று தரம் பிரிப்பார்கள். அதில் ஆர்எஸ்எஸ் 4-க்கு ஒரு விலை, 5-க்கு ஒரு விலை, உறைந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலுக்குத் தனி விலை. முன்பணம் வாங்கியவர்களுக்குப் பிடித்தம் வேறு. இதையெல்லாம் எந்த ஃபிரேம்வொர்க்கும் தராது. இதில் ஒரு பைசா தவறினாலும் தோட்டக்காரர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

கடைசியில் ஜாங்கோவின் 5.2 பதிப்பு என்று முடிவாயிற்று. டிஆர்சி கணக்கு முழுவதும் தம்பி கையில். சொந்த ஃபிரேம்வொர்க்கை வீட்டில் எழுதச் சொன்னேன். எழுதுகிறான், இப்போது ஜாங்கோவின் உள்ளே இருக்கும் நிரலை என்னைவிட வேகமாகப் படிக்கிறான். 5.2-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஏப்ரல் வரை வரும். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாற்ற ஆகும் செலவை வியாபாரியிடம் இப்போதே சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதிவிட்டோம்.