பேர் இல்லாத கல்லுக்குப் பதிவு எண் கிடையாதாம்

ஒருவழியாகப் போன வாரம் மின்னஞ்சல் வந்துவிட்டது. நாங்கள் கண்டுபிடித்த புதுக் கனிமத்துக்கும் ஒப்புதல், அதன் பெயருக்கும் ஒப்புதல். எந்தக் கனிமம் என்று இங்கே எழுதவில்லை, எழுதினால் எந்த அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பது துறையில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் அடுத்து யாராவது விண்ணப்பிப்பதாக இருந்தால் நான் அலைந்த அலைச்சல் அவர்களுக்கு வேண்டாம்.

மைக்ரோபுரோப், எக்ஸ்ரே, ராமன் சோதனைகள் எல்லாம் ஒன்பது மாதத்தில் முடிந்தன, அதில் சொல்ல ஒன்றுமில்லை. சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின், அதாவது ஐஎம்ஏவின், படிவத்தையும் இரண்டு வாரத்தில் நிரப்பிவிட்டோம், ஒரு வரியைத் தவிர. மூல மாதிரி, அதாவது கனிமத்தை விவரிக்க ஆதாரமாக வைத்த அதே துண்டு, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் பதிவு எண் என்ன என்ற வரி அது. நிரந்தரமான ஒரு சேகரிப்பில் மாதிரியை ஒப்படைக்காமல் புதுக் கனிமம் என்று கேட்டுப் போக முடியாது.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கனிம மணி, மெருகேற்றிய ஒரு பாறைத் துண்டுக்குள் இருக்கிறது. அதைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்து, ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் முதலில் கேட்டது, "பேர் கட்டத்துல என்ன போடறது?"

"பேர் இன்னும் வரலைங்க. பேர் வாங்குறதுக்குத்தான் இந்த நம்பர் வேணும்."

"பேர் இல்லாத பொருளை ரெஜிஸ்டர்ல ஏத்த முடியாது மேடம். பேர் வாங்கிட்டு வாங்க."

பூமிக்குள்ளே மிக அதிகமாக இருக்கிற கனிமத்துக்கே 2014 வரைக்கும் பெயர் கிடையாது, ஆய்வு செய்ய இயற்கையான மாதிரி கிடைக்காததால் அப்படிக் கிடந்தது, 1879இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த டென்ஹாம் விண்கல்லில் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் பிரிட்ஜ்மனைட் ஆனது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டப்பாவைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். இரண்டாம் தடவை துறைத் தலைவரின் கடிதத்தோடு போனேன். அன்று அவர் விடுப்பு, அலமாரிச் சாவியும் அவரோடு போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழாத குறை.

மூன்றாம் தடவை காப்பாளரையே நேரில் பிடித்தேன். அவர் பதிவேட்டை வாங்கி, பாறையின் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'பெயரிடப்படாத சிலிகேட், மூல மாதிரி' என்று ஒரு வரி சேர்த்தார். இரண்டு நிமிஷம். எண் கையில் வந்துவிட்டது. ஆகவே போகும் முன்பே காப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள், பதிவேட்டுப் பிரிவுக்கு நேராகப் போகாதீர்கள். பாறையின் பெயரில் பதியச் சொல்லுங்கள்.

அப்புறம் பெயர். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ள முடியாது. உயிரோடு இருப்பவர் பெயர் என்றால் அவருடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். கூட வேலை செய்தவர்களில் ஒருவர், வேதிச் சேர்க்கையை வைத்தே ஒரு பெயர் செய்துவிடலாமே என்றார். கால்சியம், வனடியம், சிலிகேட் மூன்றின் முன்னெழுத்துகளை ஒட்டித்தான் கவன்சைட் வந்தது, அதுபோல. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம், சுலபம்தான். எனக்கு மனசு வரவில்லை. எனக்குக் கனிமவியல் சொல்லிக்கொடுத்த சார், முதல் வகுப்பில் கரும்பலகையில் 'குருந்தம்' என்று தமிழில் எழுதி, இதுதான் உலகம் முழுக்க கொரண்டம் ஆனது என்று சொன்னவர். அவர் பெயர்தான் என்று நின்றேன்.

வெளிநாட்டில் இருக்கும் இணை ஆசிரியர் வரைவில் சாரின் 'குடும்பப் பெயரோடு', கனிமப் பெயர்களுக்கு வரும் 'ஐட்' என்ற விகுதியைச் சேர்த்து அனுப்பிவிட்டார். நம் ஊரில் ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதியது அது. சாரிடம் போனில் படித்துக் காட்டினேன். "அது எங்கப்பா பேரும்மா. அவர் வயக்காட்டைத் தவிர வேற எதையும் பார்த்ததில்லையே" என்றார். சி.வி.ராமன் பெயரில் இருக்கும் ராமனைட் அவருடைய சொந்தப் பெயரிலிருந்துதான் வந்தது, அதை எடுத்துக்காட்டி இணை ஆசிரியருக்கு விளக்கினேன். சாரின் முழுப் பெயர் நீளம் என்பதால் சுருக்கினோம். அதற்கும் முன்மாதிரி உண்டு, இலங்கையில் ஏகநாயக்க என்பவர் கண்டெடுத்த கனிமம் ஏகனைட் என்றுதான் பெயர் பெற்றது.

சுருக்கியதில்தான் மாட்டிக்கொண்டோம். ஒப்புதல் தரும் ஐஎம்ஏ ஆணையத்தில் கனிமத்துக்கு ஒரு வாக்கு, பெயருக்குத் தனியாக ஒரு வாக்கு. முன்னதற்கு வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு வேண்டும், பின்னதற்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். இரண்டு மாதம் காத்திருந்தால், கடினமானது என்று நாங்கள் பயந்த கனிமம் தேறிவிட்டது, பெயர் விழுந்துவிட்டது! ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரோடு குழம்பும் என்று காரணம் எழுதியிருந்தார்கள். மல்லார்டைட் என்று ஒன்றும் மல்லாட்ரைட் என்று ஒன்றும் ஏற்கெனவே இருந்துகொண்டு ஆளைக் குழப்புவதால், இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். நான் பட்டியலில் எழுத்தைத்தான் தேடினேன், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. 6,000 பெயர்களுக்கு மேல் இருக்கிற பட்டியல், நீங்கள் தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள், உச்சரித்தும் பாருங்கள்.

சாரின் பெயரில் வேறொரு பாதியை எடுத்து, புதிய எழுத்துக்கூட்டலோடு புதுச் சம்மதக் கடிதம் வாங்க அவர் ஊருக்கே போனேன். சாருக்கு இப்போது கை நடுங்குகிறது. மூன்று தாளில் கையெழுத்துப் போட்டுப் பார்த்து, நன்றாக வந்ததை எடுத்துக் கொடுத்தார். "கல்லு நல்லா இருக்கா?" என்றுதான் கேட்டார், பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொன்று, ஒப்புதல் வரும்வரை பெயரை எங்கேயும் வெளியே விடக் கூடாது. விஷயம் தெரிந்த பழைய மாணவர்கள் வாட்ஸப்பில் வாழ்த்து அட்டையே தயார் செய்துவிட்டார்கள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி வைத்தேன். போன வாரம்தான் அனுப்பச் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்குள் கட்டுரை வெளியாக வேண்டும், அது பாதி எழுதியாகிவிட்டது. அதற்கு முன்னால் அருங்காட்சியகப் பதிவேட்டில் 'பெயரிடப்படாத' என்பதை அடித்துவிட்டுப் பெயரை ஏற்ற ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். தபாலில் அனுப்பினால் போதும் என்று காப்பாளர் சொன்னார். நான் நேரிலேயே கொண்டுபோகிறேன், புதன்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.