பழைய கேமராவை ஏலத்தில் விற்கப் போய்ப் பட்ட பாடு

ஆன்லைன் ஏலத்தில் பொருள் வாங்குகிறவர்களை எச்சரிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் விற்கிறவர்களையும் குறிவைப்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு அப்பாவின் நிக்கோன் எஃப்எம்2 கேமராவை விற்று முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை.

கணக்குத் திறப்பதும் படம் ஏற்றுவதும் சுலபம். 900 வெள்ளியில் (ரிங்கிட்) ஏலத்தைத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்திலேயே முதல் ஆள் வந்துவிட்டார். "ஏலத்தை நிறுத்திடுங்க சிஸ்டர், 1,500 தர்றேன், வாட்ஸ்அப்புக்கு வாங்க." கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பினாங்கின் ஈரக் காற்றில் இத்தனை வருஷம் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று யாராக இருந்தாலும் முதலில் கேட்பார்கள். அதைக்கூடக் கேட்காதவருக்குத் தேவை கேமரா இல்லை. ஏலத் தளத்தை விட்டு வெளியே போய்விட்டால், நாளைக்குத் தகராறு வந்தாலும் தளத்துக்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள். பதில் போடாமல் விட்டேன்.

அடுத்தவர் ஒரு லிங்க் அனுப்பினார். கூரியர் ஆள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வாராம், பணத்தைப் பெற்றுக்கொள்ள நான் அதில் கார்டு எண்ணும் டேக் எண்ணும் (பணம் அனுப்ப வங்கி தரும் ஒருமுறை எண்) போட வேண்டுமாம். இதை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்கு வங்கிக் கணக்கு எண்ணோ, கணக்கோடு இணைத்த டுயிட்நவ் எண்ணோ (போன் எண் போன்றது) போதும். கடவுச்சொல், டேக், கார்டின் பின்பக்க எண் இதெல்லாம் பணம் வெளியே போவதற்குத்தான். ஏபிகே ஃபைல் அனுப்பி "இந்த ஆப்பைப் போடுங்க" என்றாலும் அதே கதைதான், தொடவே வேண்டாம்.

மூன்றாவது ஆள்தான் என்னை உண்மையிலேயே அலைக்கழித்தார். ஏலத்தில் முறையாகக் கேட்டு 1,200 வெள்ளிக்கு ஜெயித்தவர். வெள்ளிக்கிழமை மதியம், என் கணக்கில் போட்டதாக வங்கிச் சீட்டின் படத்தை அனுப்பினார். தொகை 3,200. "கம்பெனி அக்கவுண்ட்ல தவறா போட்டுட்டாங்க சிஸ்டர். மிச்சம் 2,000-ஐ என் லாரி டிரைவருக்கு இப்பவே மாத்திவிடுங்க, அவர் சாயங்காலம் ஜொகூர் கிளம்பறார்." ஆப்பைத் திறந்தால் 3,200 தெரிகிறது! ஆனால் மொத்த இருப்பில் மட்டும்தான். எடுக்கக்கூடிய இருப்பு பழைய தொகையிலேயே நின்றது.

வேலையிலிருந்து பாதி நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்கு ஓடினேன். வெகுநேரம் உட்கார்ந்து என் எண் வந்ததும், கவுண்டரில் இருந்த தங்கச்சி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "காசு ஏறிடுச்சே அக்கா, என்ன பிரச்சினை?" அடுத்த எண்ணையும் கூப்பிட்டாயிற்று. அந்த வார்த்தையை நம்பி மாற்றியிருந்தால் 2,000 வெள்ளி என் கையிலிருந்து போயிருக்கும். நான் நகரவில்லை. அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அவர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: இது ரொக்கம் இல்லை, செக். கிளியர் ஆக அடுத்த வேலை நாள் ஆகும், அதாவது திங்கள். வார இறுதி முழுக்க 'வந்தது போல' தெரிந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததே அதற்குத்தான்.

"செக் கிளியர் ஆகட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். அதுவரை சிஸ்டர் என்றவர் கெட்ட வார்த்தைக்கு இறங்கினார், போலீஸுக்குப் போவதாக மிரட்டினார். திங்களன்று செக் திரும்பியது.

அந்த 'லாரி டிரைவர்' கணக்கு எண்ணை மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே புகார்கள் பதிவாகியிருந்தன. வங்கிக் கணக்கு எண்ணும் போன் எண்ணும் இரண்டையும் அதில் தேடலாம், இலவசம். யாருக்காவது பணம் அனுப்பும் முன் இதைச் செய்துவிடுங்கள். பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) "உங்களுக்கு நஷ்டம் இல்லையே" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். என் கணக்கில் திரும்பிய செக் ஒன்று இருக்கிறது, நாளைக்கு என்னையே கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று விடாமல் நின்று ரிப்போர்ட் வாங்கினேன். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் ரிப்போர்ட் எழுதும் வரை காத்திருக்க வேண்டாம், மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த முடிந்தால் அந்த வழியில்தான் முடியும்.

ஏலக் கட்டணத்தைத் திரும்பப் பெற, ஜெயித்தவர் பணம் கட்டவில்லை என்று பதிந்து, கெடு முடியும்வரை காத்திருந்து ரத்து செய்தேன். பிறகு மறுபடி ஏலம்.

இந்த முறை தைப்பிங்கிலிருந்து ஒருவர். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் படம் கேட்டார். ஷட்டர் 1/4000-இல் ஒழுங்காக விழுகிறதா, பேட்டரி இல்லாமலும் சொடுக்கிப் பார்த்தீர்களா, மீட்டர் வேலை செய்கிறதா என்று கேள்விமேல் கேள்வி. எனக்கு அவ்வளவு நிம்மதி! விலையில் நூறு குறைக்கச் சொன்னார், சந்தோஷமாகக் குறைத்தேன். பினாங்கு சென்ட்ரலில் சந்தித்தோம். அவர் காட்டிய ரசீதைப் பார்க்காமல் என் ஆப்பைத் திறந்து, எடுக்கக்கூடிய இருப்பு ஏறிய பிறகே பையைக் கொடுத்தேன். "சரியாத்தான் செய்றீங்கம்மா" என்றார்.

செக் போட்ட ஆளைப் பற்றி ஏலத் தளத்துக்கு நான் கொடுத்த புகாருக்குத் தானியங்கிப் பதில் ஒன்று மட்டும் வந்தது. போன வாரம் பார்த்தால் அதே பெயரில் ஒரு பழைய தையல் மெஷினுக்கு விலை கேட்டிருந்தார். விற்கும் அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன், ரிப்போர்ட் எண்ணோடு.