தெற்கே பொங்கிய பால்

2022 தை முதல் நாள். அதிகாலை நாலரை மணிக்கு அம்மாவின் வீடியோ அழைப்பு. ஊரில் அப்போது மணி ஒன்பது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் செங்கல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து. தம்பி போனைக் கோலத்துக்கு மேலே நீட்டிக் காட்டினான். கண்ணில் வெயில் அடித்து முகத்தைச் சுருக்கிக்கொண்டே அம்மா கேட்டாள்: "சூரியனைக் கும்பிட்டியாடி?"

நான் இருந்த ஊரில் சூரியன் மறைந்து ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. நார்வேயின் வடக்கே, திரோம்சோ. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன் ஜனவரி 21 வாக்கில்தான் மறுபடி தலை காட்டும். வந்த நாளிலிருந்து இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். தை பிறந்தும் சூரியன் வராத ஊர் ஒன்று இருக்கும் என்பது அவள் மனதில் தங்குவதே இல்லை.

சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியம்மாவின் குரல். நான் போனில் இருப்பது தெரியாமல் பேசினாள்.

"இவளுக்கு இந்த வருஷமும் சீர் அனுப்பினியா?"

"இல்லக்கா, அனுப்பணும்னுதான்…"

"புருஷன் இல்லாத வீட்டுக்கு எதுக்குடி சீர்? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அம்மா பதில் பேசவில்லை. பானையில் பால் நுரை கட்டி எழும்பியது. தம்பி போனைக் கீழே வைத்துவிட்டுச் சங்கு ஊத ஓடினான். எனக்கு ஆகாயம் மட்டும் தெரிந்தது. நீல ஆகாயமும் தென்னங்கீற்றின் நுனியும். "பொங்கலோ பொங்கல்" என்ற சத்தம் கேட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

தலைப் பொங்கலுக்கு மன்னார்குடியில் என் மாமியார் வீட்டுக்கு வந்த சீர் இன்றும் கண்ணில் நிற்கிறது. வெண்கலப் பானை, அரிசி, வெல்லம், இரண்டு கட்டுக் கரும்பு, மஞ்சள் குலை, பூசணிக்காய். அப்பா வேனின் முன்சீட்டில் பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். 2017இல் என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்த பிறகு, சீர் 2,001 ரூபாயாகி என் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. குறிப்பில் 'பொங்கல் சீர்' என்று அம்மா தம்பியை விட்டு எழுதச் சொல்வாள். இந்த ஊர்க் காசில் 250 குரோனர்கூட வராது. இரண்டு பேர் காபியும் கேக்கும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். அதில் ஒரு ரூபாய்கூட நான் எடுத்ததில்லை. எனக்கென்று ஒரு வாசல் இன்னும் ஊரில் இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.

அந்த வருஷம் பணம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அவர் 2021 நவம்பரில் தெற்கே வேறு நகரத்துக்குப் போனார். ஏன், எப்படி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உரியது. இங்கே எழுதப் போவதில்லை. இந்த நாட்டில் பிரிவுக்கு முறைப்படி அனுமதி வாங்கி ஓராண்டு கழிந்தால் விவாகரத்து. அந்த ஓராண்டின் முதல் இரண்டு மாதம் அப்படியே இருட்டுக் காலத்தில் விழுந்தது. மொர்க்கெதீட் என்பார்கள். முழு இருட்டு இல்லை. நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரம் பனியும் மலையும் கடலும் ஒரே நீலமாகும். சுண்ணாம்பில் நீலம் போட்டு வெள்ளையடித்த சுவர் ஈரம் காயும்போது இருக்குமே, அந்த நீலம். பிறகு தெருவிளக்குதான். நான் அந்த நீலத்தையும் பார்க்காமல் திரை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். இரண்டு வயது மகளுக்குச் சோறு வடிக்கும் அளவுக்கு எழுந்திருப்பேன். எனக்கு நூடுல்ஸ். தலை வாரிக்கொள்ளாமல் நாட்கள் போயின. "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டால், "ம்."

ஒருநாள் மகள் திரையை விலக்கி, "அம்மா, வெளக்கு!" என்று கத்தினாள். எதிர்வீடு, அதற்கு மேல் வீடு, மலைச்சரிவு முழுக்க எல்லா ஜன்னலிலும் ஏழு விளக்கு கூம்பாக அடுக்கிய தாங்கி ஒன்று எரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் இங்கே அப்படி வைப்பார்கள். ஏறக்குறைய கார்த்திகை மாதம்தான். எங்கள் தெருவில் திண்ணை, மாடம், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை என்று அகல் வைத்துக்கொண்டே போவோம். காற்றில் அணைந்தால் திரும்ப ஏற்றுவது என் வேலை. அன்று அடுக்களையில் தேடி நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு அகல் ஏற்றி ஜன்னலில் வைத்தேன். எதிர்வீட்டு முதியவர் கீழே நின்று பார்த்துவிட்டுக் கை அசைத்தார். அதுவரை ஒரு வணக்கம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை நாங்கள்.

2022 இலையுதிர் காலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். பி.காம். படித்துவிட்டுக் கும்பகோணத்தில் கணக்கு எழுதியவள், யாரோ ஒருவரின் காலைக் கழுவித் துடைக்கிறாள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு என்னை உறுத்தவில்லை. வேறொன்றுதான் திணறடித்தது. இந்த மொழியில் 'நீங்கள்' வழக்கொழிந்துவிட்டது. மருத்துவரும் 'நீ', தொண்ணூறு வயதுக்காரரும் 'நீ'. அதோடு எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எண்பத்தைந்து வயது அம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. பெயருக்குப் பின்னால் மெதுவாக ஒரு 'அம்மா' சேர்த்துக்கொள்வேன். "அது என்ன என் பெயரில் வால்?" என்று கேட்டார். அர்த்தம் சொன்னதும் நெடுநேரம் சிரித்தார். அதன் பிறகு வால் இல்லாமல் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

அவர் பின்மார்க் கடற்கரையில் பிறந்தவர். 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்த வடக்குப் பகுதி முழுவதையும் எரித்தது. வீடு, படகுத்துறை, தந்திக் கம்பம், எதுவும் மிஞ்சவில்லை. சுமார் 50,000 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அவருக்கு அப்போது ஏழு வயது. மீன்பிடிப் படகில் இந்தத் திரோம்சோவுக்கு வந்து இறங்கியதைச் சொல்லும்போது குளிரைச் சொல்ல மாட்டார், பசியைச் சொல்ல மாட்டார். தன் அம்மா தையல் இயந்திரத்தைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு வந்ததைத்தான் சொல்வார். அடுத்த வருஷம் திரும்பிப் போய்த் தோண்டி எடுத்தார்களாம். துருவைத் துடைத்து எண்ணெய் போட்டதும் ஓடியதாம்.

ஒருநாள் காலை அவருக்குக் காலுறை மாட்டிவிட்டபடி என் பிரிவைப் பற்றிச் சொன்னேன். இந்த மொழியில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் தலையைத் தடவிவிட்டு, "சரி, இனிமேல் கட்டிலில் உனக்கு இடம் தாராளம்" என்றார். நான் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன். எத்தனை மாதத்துக்கு அப்புறம் அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. அன்று இரவு கட்டிலின் நடுவில் கையைக் காலை விரித்துப் படுத்துத் தூங்கினேன்.

யாழ்ப்பாணத்து அக்காவைச் சந்தித்ததும் அங்கேதான். அவர் அந்த இல்லத்தின் சமையலறையில் இருந்தார். எண்பதுகளில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் ஒருவர். பிறகு பலர் ஒஸ்லோவுக்கு இறங்கிப்போனார்கள். அக்கா திரோம்சோவோடு நின்றுவிட்டார். "இதுக்கு அங்கால சூடு தாங்காது பிள்ளை" என்பார். பனிக்கட்டித் தெருவில் நடக்கக் கற்றுக்கொடுத்தது அவர். செருப்புக்கு அடியில் ஆணிப்பட்டை மாட்டி, முட்டியை இளக்கி, தாரா நடக்கிற மாதிரி நடக்க வேண்டும். நாங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு தாரா நடை நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போவோம். கருவாட்டுக்கும் அவர்தான் துணை. மரச்சட்டங்களில் கட்டித் தொங்கவிட்டு உப்பில்லாமல் காற்றிலேயே காய்ந்த கோட் மீனை ஊறவைத்துப் புளி கரைத்துக் குழம்பு வைத்தார். நாகப்பட்டினத்துக் கருவாட்டின் வீரியம் இல்லை. ஆனால் மாடிப்படி முழுக்க வாசம் ஏறியது. யாரும் முறையிடவில்லை, அவர்கள் வீட்டு மீனும் அதேதான்.

சீர் விஷயத்தை அக்காவிடம் சொன்னது 2023 டிசம்பரில். சொல்லும்போது குரல் உடைந்தது. இரண்டு வருஷம் கழித்துமா என்று எனக்கே வியப்பாக இருந்தது. புருஷன் போனதைப் பேசும்போதுகூட அப்படி உடைந்ததில்லை. அவர் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் துணிப்பையில் சுற்றி ஒரு பானை கொண்டுவந்தார். அலுமினியம், கழுத்து ஒடுங்கியது, அடி கருத்தது. "எங்கட பக்கம் பொங்கலுக்குச் சீர் எண்டு நான் கேள்விப்படேல்ல. பானை இருக்கு. இது பின்மார்க்கில கூட்டமா இருந்த நாளில நாங்கள் எல்லாரும் சேர்ந்து பொங்கின பானை. இனி உங்கட வீட்டில இருக்கட்டும்."

பானையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். அப்பா வேனில் வந்த மாதிரி.

தை முதல் நாள் வைப்பதா என்ற பேச்சு வந்தபோது அக்காதான், "ஆருக்கு வைக்கிறது? ஆள் ஊரிலயே இல்லையே" என்றார். இந்த ஊருக்கென்று ஒரு சூரிய நாள் இருக்கிறது, ஜனவரி 21. அன்று அடுமனைகளில் வரிசை நிற்கும். ஜாம் நிரப்பி எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய உருண்டைகள். சூல்பொல்லெ என்று பெயர். குழந்தைகள் காகிதத்தில் சூரியன் வெட்டித் தலையில் கட்டிக்கொண்டு பாடுவார்கள். அந்த வாரம் முழுக்க வேலையிடத்தில், கடையில், மழலையர் பள்ளி வாசலில் ஒரே விசாரிப்பு: "சூரியனைப் பார்த்தாயா?" முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா கேட்கிற கேள்வி அல்லவா!

2024இல் மேகம். திரோம்சோ இருக்கும் தீவின் தென்முனையில் கூழாங்கல் கரையில் பொங்கினோம், ஆள் வரவில்லை. பால் பொங்கியது, சாப்பிட்டோம், மூக்கு உறைந்து திரும்பினோம்.

2025 ஜனவரி 21 விடியும்போதே வானம் சுத்தமாக இருந்தது. எதிர்வீட்டு முதியவர் இரும்புத் தீச்சட்டியும் ஒரு மூட்டை பூர்ஜ விறகும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பூர்ஜ மரத்துப் பட்டை பனியில் நனைந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும், வறட்டி மாதிரி. மஞ்சள் குலை இல்லை. கடையில் வாங்கிய பச்சை மஞ்சள் கிழங்கையும் இஞ்சியையும் நூலில் கோத்து மகள் பானையில் கட்டினாள். கோலத்தைப் பனியின் மேலேயே மஞ்சள் பொடியால் போட்டேன். வெள்ளைத் தரையில் மஞ்சள் கோடு. ஊரில் சாணி மெழுகிய தரையில் வெள்ளைக் கோடு போடுவோம். இங்கே நிறம் இடம் மாறிக்கொண்டது. அக்கா பாசிப்பயறு வறுத்துக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு அது புக்கை, எனக்குச் சர்க்கரைப் பொங்கல். வெல்லம் எவ்வளவு என்பதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பதினொன்றே முக்கால் இருக்கும். முதலில் எதிர்மலையின் உச்சிப் பனி ரோஜா நிறமானது. நிறம் மெல்ல இறங்கியது. பிறகு தெற்கே இரண்டு மலைக்கு நடுவில், தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டது போல. அவ்வளவுதான். கரையில் நின்றவர்கள் ஒருவரும் பேசவில்லை. முதியவர் தொப்பியைக் கழற்றினார். மகளுடைய முகத்தில் அந்த மஞ்சள் விழுந்தது. என் கன்னத்தில் சூடே இல்லை, ஆனால் வெளிச்சத்தின் தொடுகை இருந்தது. அந்தச் சில நிமிடங்களுக்குள் பால் எழும்பியது. முதியவர் பதறி மூடியை எடுக்க ஓடினார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். வழியட்டும், வழியத்தான் இத்தனையும் என்று அக்கா அவர்கள் மொழியில் விளக்குவதற்குள் நானும் மகளும் கத்திவிட்டோம். அவரும் சேர்ந்து "பொங்காலோ" என்றார். தீ சீறியது. பால் வழிந்த மணம் வந்தது.

இப்போது இது என் ஊர். இந்தக் குளிர் தெரியும், இந்த மொழியில் கோபப்படத் தெரியும். மே மாதம் வந்தால் சூரியன் மறையவே மறையாத இரண்டு மாதம் கிடைக்கும் என்று நாள் எண்ணுகிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறேன், நிச்சயமாக. இருந்தாலும் அந்தப் பால் மணம் மூக்கில் ஏறிய கணத்தில் நான் அங்கே இல்லை. கரும்புச் சக்கை கிடக்கும் வாசல், கொம்புக்குப் பெயின்ட் அடிக்கக் காத்து நிற்கும் மாடு, தோளில் ஈரத்துண்டோடு அப்பா. அப்பா இந்தச் சீர் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவார் என்று நான் இன்னும் எதிர்பார்க்கிறேன்.

அம்மாவை அழைத்தேன். ஊரில் மாலை நாலரை. பானையைக் காட்டினேன், தீயைக் காட்டினேன், மலை நடுவில் மறையப்போகிற அந்தச் சொட்டையும் காட்டினேன். போனில் அது சரியாகத் தெரியவில்லை.

"எந்தப் பக்கம் பொங்கிச்சு?"

"தெற்கே."

அம்மா ஒரு கணம் தயங்கினாள். எங்கள் வீட்டில் கிழக்கே பொங்க வேண்டும், இல்லாவிட்டால் வடக்கே. தெற்கே பொங்கினால் பாட்டி முகம் வாடிவிடும்.

"சூரியன் தெற்கேதாம்மா இருக்கு" என்றேன்.

"ஓ" என்றாள். திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பானைக்குள் பார்க்க முயன்றாள். "அடி பிடிச்சிடுச்சாடி?"

"லேசா."

"அகப்பையால சுரண்டாத. தண்ணி ஊத்தி ஊற வை."

அதற்குள் மகள் கரண்டியால் அடியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.