மேரக்காய்க்கு மூன்று பேர்

குன்னூருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு அக்கா ஒரு பை நிறைய மேரக்காய் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பந்தலில் காய்த்துத் தொங்குகிறது, பறித்து மாளவில்லையாம். எனக்கு அந்தப் பேரே புதிது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் அந்தக் காயை வாங்கி நான் பார்த்ததில்லை. வேலை பார்த்த ஊர்களில் மெஸ் சாம்பாரில் துண்டாக மிதந்திருக்கும், என்ன காய் என்று கேட்டதில்லை.

அன்று இரவு போனில் 'மேரக்காய் கூட்டு' என்று தமிழில் தட்டித் தேடினேன். நாலைந்துதான் வந்தன. அதில் ஒரு அம்மா பேச்சோடு பேச்சாக "சௌசௌன்னும் சொல்லுவாங்க" என்றார். அந்தப் பேரைப் போட்டதும் கூட்டு, பொரியல், மோர்க்குழம்பு, தோல் துவையல் என்று வந்து குவிந்துவிட்டன. காயைத் தண்ணீருக்குள் வைத்தே தோல் சீவினால் பிசின் கையில் ஒட்டாது என்று ஒருவர் காட்டியிருந்தார். அந்த ஒன்றுக்காகவே அவருக்கு நன்றி சொல்லவேண்டும். எனக்கு ஏற்கெனவே நாலு விரலிலும் ஒட்டிப்போய், சோப்புக்கும் போகாமல் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வருடமாக வீட்டுச் சமையல் என் பொறுப்பு. மனைவி செவிலியர், மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். மகள் எட்டாவது படிக்கிறாள். எனக்கு அலுவலகம் பத்து மணிக்குத்தான். அதனால் காலையில் அடுப்படி எனக்கு என்று பேசி முடிவு செய்துகொண்டோம். சமைக்கிறது கஷ்டமாக இல்லை. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு, 'நாளைக்கு என்ன வைக்கிறது' என்று யோசிக்கிறதுதான் கஷ்டம். அம்மா நாற்பது வருடம் இந்தக் கேள்விக்குத் தினமும் தனியாகப் பதில் சொல்லியிருக்கிறாள். எங்களில் ஒருவர்கூட அவளோடு சேர்ந்து யோசித்தது கிடையாது. இப்போது அது எனக்கு ரொம்ப உறுத்துகிறது.

இந்த இரண்டு வருடத்தில் இணையத்தில் தேடித் தேடி ஒன்று எனக்குப் பிடிபட்டது. அன்றாடச் சாப்பாட்டுக்குத் தேடும்போது பாதி வேலை பேரில் இருக்கிறது. 'சுலபமான மதிய உணவு' என்று தேடினால் எல்லோர் வீட்டுக்கும் பொதுவான பத்துச் சாப்பாடு வரும். அதையே ஆங்கில எழுத்தில் தட்டினால் பனீரும் மஷ்ரூமும் முன்னால் வந்து நிற்கும். 'இடிசாம்பார்' என்று தேடினால் என் ஊர்க்காரி ஒருத்தி அடுப்படியில் நின்று, மல்லியையும் மிளகாயையும் வறுத்துக்கொண்டிருக்கிறாள். 'கூட்டாஞ்சோறு' என்றால் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு, அரிசி பருப்பு காய் எல்லாம் ஒரே பானையில் வேகிறது. வீட்டில் புழங்கிய வார்த்தையைப் போட்டால் வீட்டுச் சமையல் வருகிறது. அதற்கு அந்த வார்த்தை ஞாபகம் இருக்கவேண்டும்.

மனைவிக்கு ஊர் கோபி. அவள் மூலமாக எனக்கு இன்னொரு கட்டு வார்த்தை கிடைத்தது. அரிசிம்பருப்பு சாதம் என்ற பேரை நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டேன். அதைத் தேடி எடுத்துச் செய்த நாளிலிருந்து புதன்கிழமைக் கவலை தீர்ந்தது. அரிசி நாலு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, சீரகம், மிளகு, வரமிளகாய். தாளித்து, குக்கரில் வைத்து, இறக்கி நெய் விட்டால் முடிந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்கம்மா வெச்ச மாதிரியே இருக்குதுங்க" என்றாள். அவள் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்கு எனக்கு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.

சொதி கதையைச் சொல்லவேண்டும். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மகள், மறுவீட்டுச் சாப்பாட்டில் போட்ட சொதி வேண்டும் என்றாள். வெறுமனே 'சொதி' என்று தேடினேன். வந்ததில் பாதி யாழ்ப்பாணத்துச் சொதி. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தேங்காய்ப்பால்தானே என்று ஒன்றை எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். 'தேசிக்காய்ப் புளி விடவும்' என்று இருந்தது. தேசிக்காய் என்றால் என்ன என்று தனியாகத் தேடினேன், எலுமிச்சைதான். 'பெருஞ்சீரகம்' என்றது நம் சோம்பு என்பதும் அன்றைக்கே அதே பக்கத்தில் தெரிந்தது. அவர்கள் சொதியில் வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், தேங்காய்ப்பால். இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் ஊற்றிக்கொள்கிற மெல்லிய குழம்பு அது. மகள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி மனைவி சந்தகை பிழிந்தாள் (இடியாப்பத்துக்கு அவர்கள் ஊர்ப் பேர்), அதில் அந்தச் சொதியை ஊற்றி மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு 'மாப்பிள்ளைச் சொதி' என்று தேடினேன். எங்கள் சொதி வந்தது. பாசிப்பருப்பு வேகவைத்து மசிக்கவேண்டும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முருங்கைக்காய் எல்லாம் மூன்றாம் பாலில் வேகவேண்டும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து விட்டு, இரண்டாம் பால் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் முதல் பால். நுரை கட்டி வரும்போதே இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சை. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். காயெல்லாம் குன்னூர் மார்க்கெட்டில் அன்று காலை வந்தது. ஊர்க் கல்யாண வீட்டில்கூட அவ்வளவு இளம் பீன்ஸ் கிடைத்திருக்காது. அம்மாவிடம் போனில் சொன்னபோது முதலில் கேட்டது, "கடைசிப் பாலை ஊத்தினப்புறம் கொதிக்க விட்டுரலையே?" என்றுதான்.

பேர் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. நான் இருப்பது 1,850 மீட்டர் உயரத்தில். இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையிலோ மதுரையிலோ இருந்து ஒருவர் "பருப்பு மூணு விசில்ல மலர்ந்துரும்" என்று சொன்னால் அது அவர் ஊருக்கு உண்மை. எனக்கு ஐந்து விசில் வேண்டும், அதற்கு முன்னால் அரைமணி ஊறியும் இருக்கவேண்டும். திறந்த பாத்திரத்தில் வேகவைக்கிற கொண்டைக்கடலையும் மொச்சையும் இங்கே பொறுமையைச் சோதிக்கும். குக்கருக்கு உள்ளேயும் கீழூரில் ஏறுகிற அளவுக்குச் சூடு ஏறாது. இது தெரியாமல் முதல் மாதம் பருப்பு பழசு என்று கடையை மாற்றினேன். புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்த பிறகே போடவேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொது, புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக மறுக்கும். மலையில் அந்தத் தப்புக்குத் தண்டனை இரண்டு மடங்கு.

மார்கழியில் இட்லி மாவு இன்னொரு பாடு. 'எட்டு மணி நேரம் புளிக்க விடவும்' என்றுதான் எல்லாக் குறிப்பும் சொல்கிறது. ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் கரைத்தபடியே இருந்தது. மத்தியானமும் அப்படியே. கடைசியில் 'குளிர் நாட்டில் இட்லி மாவு' என்று தேடினேன். வெளிநாட்டில் பனி கொட்டுகிற ஊர்களில் குடியிருக்கும் நம் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஓவனை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, அந்த வெதுவெதுப்பில் மாவை வைக்கிறார்கள். எங்களிடம் ஓவன் கிடையாது. பெரிய இட்லிப் பானையில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுத் தூக்கை இறக்கி மூடி, கம்பளி சுற்றி வைத்தேன். படுக்கப்போகும் முன் ஒருதடவை தண்ணீரை மாற்றினேன். உளுந்தோடு வெந்தயம் சேர்த்து, உப்புப் போட்டுக் கையால்தான் கரைத்தேன். காலை ஆறரைக்கு மூடியைத் திறந்தபோது மாவு விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மகளை எழுப்பிக் காட்டினேன். குளிரில் நடுங்கிக்கொண்டே நின்று பார்த்தாள்.

அளவு விஷயத்தில் நான் ஒரு வேலை செய்தேன், அது இன்றுவரை உதவுகிறது. அம்மா கொடுத்துவிட்ட பித்தளை ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி, மருந்து அளக்கிற குப்பியால் அளந்து பார்த்தேன். ஏறக்குறைய 170 மில்லி. வீடியோக்களில் வரும் கப் 240 அல்லது 250 மில்லி. அரிசிக்கும் உளுந்துக்கும் நாலுக்கு ஒன்று என்பது எந்தக் கப்பில் அளந்தாலும் மாறாது. ஆனால் அவர்கள் கப்பில் சொன்ன அரிசியை என் ஆழாக்கில் அளந்துவிட்டு, உப்பையும் மிளகாய்ப்பொடியையும் ஸ்பூன் கணக்கில் அப்படியே போட்டால் என்ன ஆகும்? ஒரு மாதம் முழுக்க என் சமையலில் உப்பு ஏன் கரித்தது என்பதற்கு அதுதான் காரணம். இப்போது எதையும் செய்வதற்கு முன் ஆழாக்குக் கணக்குக்கு மாற்றி நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அந்த நோட்டு எனக்கு முக்கியம். ஒருமுறை நான் நம்பியிருந்த கொள்ளுப் பருப்பு வீடியோ திடீரென்று காணாமல் போய்விட்டது. போட்டவர் எடுத்துவிட்டார் போலும். அன்று முதல், இரண்டாவது தடவை செய்து நன்றாக வந்தால் எழுதிவிடுவது. சாப்பாட்டின் பேரைத் தலைப்பாக வைக்காமல் காயின் பேரை வைக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடையைப் பார்த்தால் பீட்ரூட் இருக்கிறது என்றுதான் தெரியும். பீட்ரூட் பக்கத்தைத் திறந்தால் நாலு வழி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தந்த 'அவரை உதக்கா' என்ற குழம்பும் அதில் இருக்கிறது. அவர் படுகர். அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தப் பேரிலேயே இணையத்திலும் தேடிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு மசாலாப் பொடியான மாஸ் ஹுடியைப் பற்றி ஒருவர் விவரமாக எழுதியிருந்ததைக் கண்டு அக்காவுக்கே காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, மல்லி அளவு மட்டும் தங்கள் வீட்டில் வேறு என்றார்.

மகளுக்குப் பிடித்தது புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்னவீரமங்கலத்துத் தாத்தாவும் பேரன்களும் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல். 2021இல் தமிழ்ச் சேனல்களில் முதலாவதாக ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டவர்கள். நானும் உட்கார்ந்து ஆசையாகப் பார்ப்பேன். வயலில் அண்டா ஏற்றி, அம்மியில் மசாலா அரைத்து, ஊருக்கே சோறு போடுகிறார்கள். அது மனசு நிறைவதற்கு. செவ்வாய்க்கிழமைக் குழம்புக்கு நான் தேடுகிற ஆட்கள் வேறு. நாலு பேருக்கு, பழைய சட்டியில், சாதாரண டியூப் லைட் வெளிச்சத்தில் சமைக்கிறவர்கள். "இப்ப எண்ணெய் பிரியலைன்னா பயப்படாதீங்க, கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடிருங்க" என்று, தப்பு நடக்கிற இடத்தில் நின்று சொல்கிறவர்கள். கருவேப்பிலை கருகிப்போனதை வெட்டி எறியாமல் அப்படியே போட்ட ஒரு பெண்மணியின் எல்லாக் குறிப்பையும் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இதுவரை ஒன்றுகூடக் கைவிட்டதில்லை.

போன வாரம் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, மேரக்காய்த் தோல் துவையல் பற்றிச் சொன்னேன். தோலை நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்தம்பருப்பு, வரமிளகாய், புளி, தேங்காய் சேர்த்து அரைப்பது. சுடுசோற்றில் போட்டுப் பிசைந்தால் பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்குப் பக்கத்தில் நிற்கும். எழுபத்தொரு வயதில் அம்மா என்னிடம் ஒரு பக்குவம் கேட்டது அதுதான் முதல் தடவை. வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது.

"ஏலே, இது பெங்களூர் கத்திரிக்காய்லா! இத எங்கம்ம பாசிப்பருப்பு போட்டு, நல்லமிளகும் சீரகமும் அரைச்சு விட்டு ஒரு பொரிச்ச குழம்பு வைப்பா. உனக்கு அப்போ ரெண்டு வயசு. உனக்குக்கூட ஊட்டினா."

அன்று ராத்திரி அந்தப் பேரைப் போட்டுத் தேடினேன். ஆச்சி வைத்தது மாதிரியே ஒன்று இருந்தது, பெருங்காயமும் தேங்காய் எண்ணெயும் மட்டும் கூடுதல். நோட்டில் மேரக்காய் என்று எழுதிய பக்கத்தில், தலைப்புக்குப் பக்கத்திலேயே மற்ற இரண்டு பேரையும் எழுதிவிட்டேன். காய் கூடையில் மூன்று கிடக்கிறது. பாசிப்பருப்பை இப்போதே அளந்து எடுத்து வைத்துவிட்டுப் படுக்கவேண்டும்.