ஹிஸ்டரி ஷீட்ல இல்லாத கேள்வி

கேன்சர் ஓபில நர்ஸா சேர்ந்த புதுசுல எனக்கு கொடுத்த வேலை ஹிஸ்டரி எடுக்கறது. சிகரெட் உண்டா, புகையிலை போடுவீங்களா, குடிப்பீங்களா, வீட்ல யாருக்காவது கேன்சர் இருந்துச்சா, வரிசையா கேட்டு டிக் அடிச்சு உள்ள அனுப்பிடுவேன், ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

ஒரு நாள் அறுபது வயசு தாண்டின ஒரு அம்மா வந்தாங்க, நுரையீரலைச் சுத்தி இருக்கற சவ்வுல கேன்சர், மீசோதீலியோமான்னு சொல்வாங்க. எந்தப் பழக்கமும் கிடையாது, குடும்பத்துலயும் யாருக்கும் இல்ல. வேலைங்கற இடத்துல 'இல்லத்தரசி'ன்னு எழுதி அனுப்பிட்டேன். பெரிய டாக்டர் அதப் பாத்துட்டு என்னையும் கூப்பிட்டு நிக்க வச்சுட்டு அவங்ககிட்ட கேட்டார், "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தாரும்மா?" ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பண்ற கம்பெனில, கல்யாணமான புதுசுல இருந்து பல வருஷம். "அவர் துணிய யார் துவைச்சீங்க?" நான்தான், ஒரே தூசியா இருக்கும், நல்லா உதறிட்டுதான் தண்ணில போடுவேன்னாங்க.

அந்த உதறல்லயே ஆஸ்பெஸ்டாஸ் தூசில இருக்கற நுண்ணிய நார் மூச்சோட உள்ள போயிருக்கும். உள்ள போன நார் இருபது முப்பது நாப்பது வருஷம் கழிச்சுகூட கேன்சரா வரும், அதனால நோயாளிக்கு அந்தத் தூசி ஞாபகத்துலயே இருக்காது, நாமதான் தோண்டிக் கேக்கணும். அந்தம்மா கிளம்பறப்ப என் கையப் பிடிச்சு "உதறாம துவைச்சிருந்தா வந்திருக்காதா கண்ணு"ன்னு கேட்டாங்க. உங்க மேல தப்பே இல்லம்மா, துணி வீட்டுக்கு வந்ததே தப்பு, கம்பெனிலயே துவைக்க ஏற்பாடு பண்ணிருக்கணும்னு சொன்னேன். இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன்.

அதுக்கப்புறம் ஷீட்டோட பின்பக்கத்துல நானா கேள்வி எழுதிக்க ஆரம்பிச்சேன். இதுக்கு முன்னாடி என்ன வேலை, வீட்ல மத்தவங்க என்ன வேலை, அடுப்புப் புகைல எத்தனை வருஷம் நின்னீங்க, பக்கத்துல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா. வெளிக்காத்து மாசையே கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2013லயே சொல்லிடுச்சு, மதுவை 1988லயே சேர்த்தாச்சு. பீர் மட்டும்தான் சிஸ்டர்னு சொல்றவங்க நிறைய பேர், எதுல இருந்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான், கல்லீரல் மட்டும் இல்ல மார்பகப் புற்றுநோய்க்கும் அது ஒரு காரணம்.

சிகரெட்தான் இன்னமும் பெரிய வில்லன், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதைக் கேக்கற தொனி முக்கியம். பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி அதட்டிக் கேட்டா இல்லன்னுதான் வரும். நோய் வந்தப்புறம் நிறுத்தினாகூட சிகிச்சைக்கு உடம்பு நல்லா ஒத்துழைக்கும், மறைச்சுட்டா அந்த வாய்ப்பும் போச்சு.

பரம்பரை விஷயத்துலயும் நான் சறுக்கிருக்கேன். 34 வயசுல மார்பகப் புற்றுநோயோட வந்த ஒரு பொண்ணுகிட்ட அம்மா, பாட்டி, சித்தி எல்லாம் கேட்டு 'இல்ல'ன்னு எழுதிட்டேன், அப்பா பக்கம் கேக்கவே இல்ல. அடுத்த தடவை பேச்சுவாக்குல அவளே சொன்னா, ஒரு அத்தைக்கு மார்புல, இன்னொரு அத்தை 'வயித்துல கட்டி' வந்து போயிட்டாங்கன்னு. அது சினைப்பை கேன்சர். டெஸ்ட் பண்ணா பிஆர்சிஏ1ங்கற ஜீன்ல மாற்றம். மொத்த கேன்சர்ல பரம்பரையா வர்றது 5ல இருந்து 10 சதவீதம்தான், ஆனா இந்த மாற்றம் இருக்கற பெண்கள்ல 100ல 60 பேருக்கு மேல வாழ்நாள்ல மார்பகப் புற்றுநோய் வரும். அப்பாவுக்கு நோயே வராம மகளுக்குக் கடத்திட முடியும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

போன வாரம் அவளோட அண்ணனை வரச் சொல்லிருந்தோம். நான் ஆம்பளை, எனக்கு எதுக்கு சிஸ்டர்னு கதவுகிட்டயே நின்னார். உக்கார வச்சு ஒரு பேப்பர்ல அத்தைங்க, அப்பா, தங்கச்சி, அவர், அவரோட ரெண்டு பொண்ணுங்கன்னு வட்டம் வட்டமா போட்டு கோடு இழுத்துக் காட்டினேன். பொண்ணுங்க வட்டத்துலயே கொஞ்ச நேரம் விரலை வச்சிருந்தார். இவங்களுக்கும் இப்பவே எடுக்கணுமான்னு கேட்டார். வேண்டாம், உங்களுக்கு இல்லன்னா உங்க கிட்ட இருந்து அவங்களுக்குப் போகாது, இருந்தாலும் 18 வயசு ஆகட்டும், அப்ப அவங்களே முடிவு பண்ணட்டும்னேன். ரத்தம் கொடுத்துட்டுப் போயிருக்கார், ரிசல்ட் இன்னும் வரல.