சொந்த வேரில் வளரும் பன்னீர் ரோஜா

நர்சரியில் ரோஜாக் கன்று வாங்கும்போது, பூவுக்கு முன் தண்டின் அடியைப் பார்ப்பது என் வழக்கம். அங்கே முடிச்சுப்போல் ஒரு புடைப்பு இருந்தால் அது ஒட்டுச்செடி, அதாவது வேறொரு ரோஜாவின் (வேர்ச்செடியின்) மேல் ஒட்டி வளர்த்தது. புடைப்புக்குக் கீழிருந்து கிளம்பும் துளிர்களை அவ்வப்போது அடியோடு அகற்றாவிட்டால், வேர்ச்செடி தழைத்து, நாம் விரும்பி வாங்கிய ரகம் நலிந்துபோகும். குச்சியிலிருந்தே வேர்விட்ட பன்னீர் ரோஜாவில் இந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் வளர்ச்சி சற்று மெதுவாகத்தான் இருக்கும் (அவசரக்காரர்களுக்கு ஒட்டுச்செடியே மேல்).

கவாத்தின்போது (கிளைகளை வெட்டிச் சீராக்கும்போது) கிடைக்கும் பென்சில் கனமுள்ள குச்சியை, மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றலாம். வேர்பிடித்த கன்றை, நல்ல வெயில் விழும் இடத்தில், 45 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழியில் மட்கிய தொழுவுரமும் செம்மண்ணும் இட்டு நட வேண்டும். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.