ஆய்வேட்டுக்கு முறை தேர்ந்தெடுத்த அனுபவம்

எண்களை வைத்துப் பார்க்கும் அளவுசார் ஆய்வு, ஆட்கள் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பண்புசார் ஆய்வு, இரண்டையும் சேர்த்த கலப்பு முறை, குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சோதனை முறை என்று வகைகளை ஒப்பிக்க எல்லோருக்கும் தெரியும். நம் தலைப்புக்கு எது பொருந்தும் என்பதுதான் சிக்கல். முதுகலையில் நான் எடுத்த தலைப்பு, பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். பெரும்பாக்கத்திலிருந்து அடையாறு, மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் வாழ்க்கையில் அது எதை மாற்றியது என்று பார்க்க நினைத்தேன்.

கைடு மேடம் முறைகளைப் பற்றிப் பேசவே இல்லை. “எத்தனை பேர்னு கேக்குறியா, எப்படின்னு கேக்குறியா, இல்ல இதனாலதான்னு நிரூபிக்கணுமா? முதல்ல அதைச் சொல்லு” என்றார்.

‘இதனால்தான்’ என்று அடித்துச் சொல்ல சோதனை முறை வேண்டும். அதற்கு மேடம் காட்டிய உதாரணம் நம் சென்னையிலேயே நடந்தது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் ஒரு சிகிச்சை மையமாகத் தொடங்கியது. அங்கே நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு குழுவை சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) மற்றதை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு. இருந்தும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். முடிவு 1959இல் வெளிவந்தது. யார் எங்கே என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காததால்தான் அதில் அவ்வளவு பலம். படித்தபோது நெஞ்சு நிறைந்தது.

எனக்கு அந்த வழி இல்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் இலவசம் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு ஏது? சரி, ‘எத்தனை பேர்’, ‘எப்படி’ என்ற மீதி இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கலப்பு முறை என்று முடிவு செய்தேன்.

நேர்காணலை முதலில் வைத்துக்கொண்டேன். “முன்னெல்லாம் ஒரு வீட்ல இருந்து அடுத்த வீட்டுக்கு நடந்துதான் போவேன் கண்ணு. இப்ப பஸ் ஏறிடறேன். மிச்சமாகிற நேரத்துல இன்னொரு வீடு புடிச்சிருக்கேன்” என்றார் ஓர் அக்கா. அம்மா வீட்டுக்குப் போக இனி வீட்டுக்காரரிடம் காசு கேட்க வேண்டியதில்லை என்றார் இன்னொருவர். மாதம் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டிருந்தால் இவை இரண்டுமே வந்திருக்காது.

ஆனால் இது இரண்டு பேர் கதையா, பலர் கதையா? அதை நேர்காணல் சொல்லாது. அப்புறம்தான் கேள்வித்தாள் தயாரித்தேன். அவர்கள் சொன்னதையே கேள்விகளாக மாற்றி, அதே பகுதியில் நிறையப் பேரிடம் கொண்டுபோனேன். வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், ஏன் இந்த வரிசை என்று கேட்டார்கள். இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள்.